ஜிம்முக்கு முன்னால் சோற்றுத் தட்டு

திருப்பூரிலிருந்து தங்கை பேசினாள். பனியன் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருக்கிறாள். வயது 38, எடை 74 கிலோ. "அக்கா, வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜிம் திறந்திருக்கிறார்கள். வருடத்துக்கு 14,000 ரூபாய். அதே பணத்தைக் கொடுத்தால் உணவியல் நிபுணர் ஒருவர் மூன்று மாதத்துக்குச் சாப்பாட்டு அட்டவணை போட்டுத் தருகிறாராம். எதில் சேரட்டும்?" என்று கேட்டாள். இரண்டிலும் சேர அவளிடம் பணமும் இல்லை, நேரமும் இல்லை.

கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறாள். கோவையில் எங்கள் வீட்டில் இந்தப் பந்தயம் ஏற்கெனவே ஒருமுறை ஓடி முடிந்துவிட்டது. ஓடியவர்கள் நானும் என் கணவரும்.

அந்த வருடம் பொங்கல் கழிந்த வாரத்தில் இருவரும் உடல் பரிசோதனை செய்துகொண்டோம். அவர் 170 செ.மீ. உயரம், 84 கிலோ எடை. நான் 156 செ.மீ., 71 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் இருவருக்குமே 29 வந்தது. நம் நாட்டவருக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த கல்யாணத்தில் இந்தப் பதினோராவது பொருத்தம் இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்குக் கூடுதலாக இன்னொரு செய்தியும் இருந்தது: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1. நீரிழிவு இல்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறார்.

அவர் மறுநாளே 12,000 ரூபாய் கட்டி ஜிம்மில் சேர்ந்தார். புது ஷூ, புது பனியன், தோளில் ஒரு பை. வாரத்தில் ஐந்து நாள் மாலையில் ஒரு மணி நேரம். எனக்கு அலுவலகத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு மணி நேரம் எங்கிருந்தும் கிடைக்கவில்லை. ஆகவே என்னால் முடிந்தது ஒன்றுதான்: என் தட்டில் விழுவதை மட்டும் மாற்றிக்கொண்டேன். சித்திரை முடிகிறபோது அவர் 82.2 கிலோ. நான் 65.4.

முதல் சுற்று எனக்கு. காரணம் என் மன உறுதி அன்று. கணக்கு என் பக்கம் இருந்தது.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்; என் கணவர் விடுமுறை நாள்களில் அங்கே ஒரு மணி நேரத்தில் இரண்டு சுற்று நடப்பார். வீட்டுக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் காட்டுவார்: 300 கலோரி. ஆனால் அந்த ஒரு மணி நேரம் அவர் சோபாவில் சாய்ந்து பேப்பர் படித்திருந்தாலும் 80, 85 கலோரி செலவாகியிருக்கும். அதைக் கழித்தால் நடையின் உண்மையான வருமானம் சுமார் 215. வாரத்துக்கு ஐந்து நாள் இப்படி நடந்தால் ஒரு கிலோ கரைய ஏழு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவும் நடந்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தால்தான். கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடை முடிகிற இடத்தில் ஒரு பேக்கரி கட்டாயம் இருக்கும். ஒரு தேங்காய் பன், சர்க்கரை போட்ட பால் டீ ஒன்று. 300 கலோரிக்குக் குறையாது. நடந்த ஒரு மணி நேரத்தைத் தின்று தீர்க்கப் பத்து நிமிடம் போதும்.

என் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். மதியம் நான் சாப்பிட்ட சோற்றை எடை போட்டுப் பார்த்தேன்; 400 கிராம் இருந்தது. அதை 200 ஆக்கினேன். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, ஆக 260 மிச்சம். நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நிறுத்தினேன், 120 மிச்சம். ஒரு பைசா செலவில்லை, ஒரு நிமிடம் செலவில்லை, ஒரு சொட்டு வியர்வை இல்லை. தினமும் 380 கலோரி குறைந்தது. இதையே நடந்து தீர்க்க வேண்டுமென்றால் என் எடைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், மாதவிடாய் நின்ற, எடை கூடிய 439 பெண்களை நான்கு பிரிவாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள்; முடிவு 2012-ல் வெளியானது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு இலக்கு நாளுக்கு 45 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். அவர்கள் தங்கள் எடையில் 2.4 சதவீதம் குறைந்தார்கள். சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்கள் 8.5 சதவீதம். இரண்டையும் செய்தவர்கள் 10.8 சதவீதம். எதுவும் செய்யாமல் இருந்தவர்களுக்குக்கூட 0.8 சதவீதம் குறைந்திருந்தது. எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடற்பயிற்சியில் எடை ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது? பாதிப் பதில் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஜிம்முக்குப் போகத் தொடங்கிய பிறகு என் கணவரின் இரவு தோசை மூன்றிலிருந்து ஐந்தானது. "இன்றைக்குக் கால் பயிற்சி" என்பார், ஏதோ நெல் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர் போல. மீதிப் பதில் யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது. முன்பெல்லாம் மாடிக்குப் போய்த் துணி எடுத்து வருவார், தெருமுனைக் கடைக்கு நடந்து போவார். ஜிம்மில் சேர்ந்த பிறகு அதற்கும் ஸ்கூட்டர். ஒரு மணி நேரம் உழைத்துவிட்டு மீதி நேரத்தில் உடம்பு தன்னையறியாமல் சிக்கனம் பிடிக்கிறது. தான்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் என்ற ஆய்வாளரின் குழு அளந்து 2012-ல் வெளியிட்டது. உடம்பின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாள் முழுக்க நடக்கும் அவர்கள் செலவழிக்கும் மொத்தக் கலோரியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கர் செலவழிப்பதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. உடம்பு கணக்கில் கெட்டிக்காரக் குமாஸ்தா. ஒரு பக்கம் செலவு கூடினால் இன்னொரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறது.

எண்ணெய்ப் பாக்கெட்டை எண்ணுங்கள்

சாப்பாட்டு வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் சோற்றோடு நின்றுவிடுகிறார்கள். சோற்றை விட்டுச் சப்பாத்திக்குப் போகிறார்கள். நான்கு சப்பாத்தி, ஒவ்வொன்றிலும் எண்ணெய், பக்கத்தில் குருமா. எடை ஏன் குறையவில்லை என்று கேட்கிறார்கள். எனக்கே இது புரிய ஆறு மாதம் ஆயிற்று. ஒரு மாதம் காலி எண்ணெய்ப் பாக்கெட்டுகளைத் தூக்கிப்போடாமல் ஒரு பையில் சேர்த்துவைத்தேன். மாதக் கடைசியில் எண்ணினால் ஆறு. நான்கு பேர் இருக்கும் வீடு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர், அதாவது நாளுக்கு 45 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெயும் கொழுப்பும் போதும் என்கிறார்கள்.

மாதம் ஆறை நான்காகக் குறைத்தேன். பொரியலுக்குக் கரண்டியில் ஊற்றுவதை விட்டு டீஸ்பூனில் அளந்து ஊற்றினேன். சுண்டலையும் கீரையையும் வேகவைத்துக் கடைசியில் தாளித்தேன். இரண்டு லிட்டர் எண்ணெய் என்றால் 16,000 கலோரிக்கு மேல். நான்கு பேருக்கும் முப்பது நாளைக்கும் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 136 கலோரி. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பையன் மட்டும் மூன்றாம் நாள், "அம்மா, உருளைக்கிழங்கு இன்றைக்கு ஏன் இப்படி வறண்டு கிடக்கிறது?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவனும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தபந்தங்கள் கோபித்துக்கொண்டாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். செக்கில் ஆட்டிய எண்ணெயும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். ரீஃபைண்ட் எண்ணெயும் ஒன்பதுதான், நெய்யும் ஏறத்தாழ அதேதான். மணமும் சுவையும் வேறு. எடைக்கு அது தெரியாது. நாட்டுச் சர்க்கரையும் தேனும் காபிக்குள் போய்விட்டால் சர்க்கரைதான். தினை, சாமை, வரகு என்று பை பையாக வாங்குகிறார்கள். சமைக்காத நிலையில் எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் அரிசிக்கும் அவற்றுக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. நார்ச்சத்து கூடுதல் என்பதால் சிறு தானியத்தில் வயிறு சீக்கிரம் நிறையலாம், அவ்வளவுதான். அரிசிம்பருப்புச் சாதத்தைச் சாமையில் செய்து மேலே இரண்டு கரண்டி நெய் ஊற்றினால் இளைக்க முடியாது.

பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு என்கிற முறையையும் கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்குச் சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது உதவும். கதவு பூட்டியிருக்கிறது என்று மனம் அடங்கும். அதைத் தாண்டி அதில் மந்திரம் எதுவும் இல்லை, மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுவதால்தான் எடை குறைகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவது எடை கூடுவதை விட ஆபத்து.

சிலிண்டர் சொன்ன உண்மை

இதுவரை படித்தவர்கள் ஜிம் பணம் வீண் என்று முடிவுகட்டியிருப்பீர்கள். ஆடி மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

64 கிலோவில் என் எடை நின்றுவிட்டது. அதே 200 கிராம் சோறு, அதே சர்க்கரையில்லாத காபி, ஆனால் முள் அசையவில்லை. அது இயல்புதான், உடம்பு சிறுத்தால் அதன் செலவும் சிறுத்துவிடும். எனக்கு உறைத்தது வேறு ஒன்று. நிரம்பிய கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு எப்போதும் நான்தான் சாய்த்து உருட்டிக்கொண்டு போவேன். அன்றைக்கு நடுக்கூடத்திலேயே நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினேன். ஏழு கிலோ குறைந்தவளுக்கு வேலை இலகுவாகியிருக்க வேண்டும் அல்லவா? முடி கொட்டியது, மாலையில் காரணமில்லாமல் அசதி வந்தது. கண்ணாடியில் கன்னம் ஒட்டியிருந்தது. வயிறு அப்படியேதான் இருந்தது.

குறைந்த ஏழு கிலோவும் கொழுப்பு என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டை மட்டும் குறைத்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்தே விற்கிறது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் உள்ள 107 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. உணவை மட்டும் குறைத்தவர்களுக்கும், உணவோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கும் எடை குறைந்தது கிட்டத்தட்ட ஒரே அளவுதான்: 10 சதவீதம், 9 சதவீதம். ஆனால் தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடையில் முதல் பிரிவு 5 சதவீதம் இழந்தது, இரண்டாவது 3 சதவீதம். இடுப்பெலும்பின் அடர்த்தியில் முதல் பிரிவு 3 சதவீதம் இழக்க, இரண்டாவது 1 சதவீதத்தோடு தப்பித்தது. எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் இருவரும் ஒன்றுதான். படியேறச் சொன்னால்தான் யார் எவர் என்று தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் தங்கள் இருவரின் உடம்பையே அளந்து ஒரு மருத்துவ இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிந்தாலும் நாம் தசை குறைந்து கொழுப்பு கூடிய ஜாதி. இருக்கிற கொஞ்சத் தசையையும் பட்டினி போட்டுக் கரைத்தால் மிஞ்சுவது என்ன?

என் தட்டிலும் ஓட்டை இருந்தது. சோற்றைப் பாதியாக்கியபோது அதோடு சேர்ந்து சாம்பாரும் பாதியானது. ஒரு நாள் முழுக்க நான் சாப்பிட்ட புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 40 கிராமைக்கூடத் தொடவில்லை. சாதாரணமாகவே கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. எடை குறைக்கிற காலத்தில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 12, பனீர் 100 கிராமில் 18. தண்ணீர்ச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சோற்றில் குறைத்த இடத்தில் சுண்டலை வைத்திருக்க வேண்டும். நான் வைத்தது வெறுமை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே ஆடி மாதத்தில் அவர் மறு பரிசோதனை செய்துகொண்டார். எடை 82-தான். ஆனால் இடுப்புச் சுற்றளவு 101-லிருந்து 96 செ.மீ. ஆகியிருந்தது, எச்பிஏ1சி 6.1-லிருந்து 5.7. இரண்டாம் சுற்றை எனக்குத் தெரியாமலே அவர் ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இதற்கும் நம் சென்னையிலேயே சாட்சி உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இதில் எனக்கு வியப்பாக இருந்தது, இவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை என்பது. தசை வேலை செய்யும்போது இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது; அதற்கு எடை இயந்திரத்தின் அனுமதி தேவையில்லை. சர்க்கரை எல்லையில் நிற்பவர் ஒரு மாதம் ஜிம்முக்குப் போய்விட்டு, "ஒரு கிலோகூடக் குறையவில்லை" என்று நிறுத்தினால், பயன் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே கடையைச் சாத்துகிறார்.

மூன்றாம் சுற்று தீபாவளியில் நடந்தது. லட்டு, முறுக்கு, அதிரசம், பின்னாலேயே இரண்டு கல்யாணம், மார்கழியில் தினமும் பொங்கல். அடுத்த தைக்குள் எனக்கு மூன்று கிலோ திரும்பிவிட்டது. அதே லட்டு, அதே கல்யாணப் பந்தி. அவருக்கு ஏறியது அரைக் கிலோ.

குறைத்த எடையைக் காப்பது வேறு வேலை, அதற்கு வேறு கருவி வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் 1994-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள்: குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஒரு வருடமாவது ஏறவிடாமல் வைத்திருப்பவர்கள் மட்டுமே அதில் சேரலாம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். எப்படிக் குறைத்தார்கள் என்பதில் ஆளுக்கொரு வழி; காப்பாற்றியதில் பெரும்பாலோருக்கு ஒரே வழி, நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உடலசைவு, அதிலும் பெரும்பாலும் நடை. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அசுர வேகத்தில் இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளர் அளந்தபோது, அவர்கள் உடம்பு ஓய்வில் இருக்கையில் செலவழிக்கும் கலோரி எதிர்பார்ப்பை விட நாளுக்கு 500 அளவில் குறைந்திருந்தது. பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. திரும்பாமல் வைத்திருந்தவர்கள் யார் என்று பார்த்தால், உடலுழைப்பை மிகவும் கூட்டிக்கொண்டவர்கள்.

இரண்டையும் முதல் நாளே தொடங்கிவிட்டால் என்ன? சியாட்டில் கணக்குப்படி அதுதான் முதல் பரிசு. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் உணவு ஆலோசகரும் பயிற்சியாளரும் இருந்தார்கள். நம் வீட்டில் ஒருத்தி திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடி, சர்க்கரையை விட்டு, சோற்றைப் பாதியாக்கி, மாலையில் பஸ்கி எடுத்து, வியாழக்கிழமை முழங்கால் வலியோடும் கொலைப்பசியோடும் படுத்துவிடுகிறாள். அடுத்த முயற்சி அடுத்த ஜனவரி. இரண்டும் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே நாளில் வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

அத்தையின் கணக்கு வேறு

அத்தைக்கு 68 வயது, 62 கிலோ. நாங்கள் இருவரும் அளந்து அளந்து சாப்பிடுவதைப் பார்த்து அவரும் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். முழங்கால் வலிக்கு எடை குறைந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. கூடவே பூஜை அறையில் தரையிலிருந்து எழுவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் அவரைக் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழச் சொன்னார். மூன்றாவதில் நின்றுவிட்டார். "அம்மா, நீங்கள் எடையைப் பார்க்க வேண்டாம், தொடையைப் பாருங்கள்" என்றார் மருத்துவர்.

அதனால் அத்தைக்கு வரிசை தலைகீழ். இரவில் இரண்டு இட்லியோடு ஒரு முட்டை. காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. அடுப்படிச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றபடி தண்டால் எட்டு. முதல் வாரம் சிரித்தார், இரண்டாம் வாரம் சலித்துக்கொண்டார், ஐந்தாம் வாரம் எண்ணிக்கையைத் தானே கூட்டினார். எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியவர்கள், சர்க்கரை எல்லையில் இருப்பவர்கள் ஆகிய மூன்று வகையினரும் தட்டிலிருந்து தொடங்குவதை விடக் காலிலிருந்து தொடங்கட்டும் என்பதே என் முடிவு.

தங்கை இந்த மூன்று வகையிலும் சேரமாட்டாள். வயது 38, சர்க்கரை சரியாக இருக்கிறது, தைராய்டும் பார்த்தாயிற்று. 158 செ.மீ. உயரத்துக்கு 74 கிலோ கூடுதல்தான். ஆகவே அவளிடம் சொன்னேன்: 14,000 ரூபாயை இப்போது யாருக்கும் கொடுக்காதே. முதல் எட்டு வாரம் சாப்பாடு மட்டும். உணவியல் நிபுணரிடம் ஒரே ஒரு முறை போய்வரலாம், தவறில்லை. சர்க்கரையோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் கட்டாயம் போக வேண்டும். மூன்று மாத அட்டவணை உனக்குத் தேவையில்லை. சோற்றை எடை போடு, எண்ணெயை அளந்து ஊற்று, காபியில் சர்க்கரையை விடு, ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதம் எது என்று விரலை வைத்துக் காட்ட முடிய வேண்டும். கம்பெனியில் மதியம் சாப்பிட்டதும் நாற்காலிக்குத் திரும்பாமல் பத்து நிமிடம் மொட்டை மாடியில் நட. அதை உடற்பயிற்சி என்று நினைக்காதே, சாப்பாட்டின் கடைசி அயிட்டம் என்று நினைத்துக்கொள்.

ஒன்பதாவது வாரத்தில் ஜிம். வருடச் சந்தா வேண்டாம், மாதம் மாதம் கட்டு. கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் நின்றுவிட்டால் நஷ்டம் ஒரு மாதத்தோடு போகும். என் கணவர் ஜிம்மில் ஜனவரியில் டிரெட்மில்லுக்கு வரிசையில் நின்றார்களாம். ஏப்ரலில் அவர் ஒருவரே நான்கு டிரெட்மில்லுக்கும் சொந்தக்காரர். உள்ளே போனதும் டிரெட்மில் பக்கம் போகாதே. நடையை வெளியிலேயே இலவசமாக நடக்கலாம். எடை தூக்குவதற்குத்தான் அந்தப் பணம். வாரத்தில் இரண்டு நாள் போதும். உலகச் சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலசைவோடு தசைக்கு இரண்டு நாள் என்றே சொல்கிறது. ஜிம்முக்குப் போக முடியாத வாரத்தில் வீட்டிலேயே பஸ்கியும் தண்டாலும் எடு.

ஊசியைப் பற்றியும் கேட்டாள். 2025-ல் மவுன்ஜாரோ, வெகோவி என்று வாரம் ஒருமுறை போடும் ஊசிகள் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து எல்லாரும் கேட்கிறார்கள். அவை பசியை அடக்கித் தட்டைச் சிறிதாக்குகின்றன. அதுவும் சாப்பாட்டு வழிதான், விலை மட்டும் அதிகம். மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டிய மருந்து அது. தசைக் கவலை அதிலும் உண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சோற்றை எல்லாம் எடை போட வேண்டாம் அக்கா. நான் எப்போதும் இரண்டே கரண்டிதான் சாப்பிடுகிறேன்" என்றாள். சரி, ஒரே ஒரு வாரம் போட்டுப் பார் என்று சொல்லி, அடுப்படித் தராசு ஒன்றை இங்கிருந்தே வாங்கி அனுப்பினேன். 400 ரூபாய்.

நேற்று மதியம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். தராசின் மேல் எவர்சில்வர் தட்டு, தட்டில் சோறு, குழம்பு இன்னும் ஊற்றவில்லை. தட்டின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சோற்றை வைத்தாளாம். கீழே எண் தெளிவாகத் தெரிகிறது: 430. அதற்கு அடியில் எழுதியிருந்தாள்: "இரண்டே கரண்டிதான் வைத்தேன். நீ அனுப்பிய தராசில் ஏதோ கோளாறு, அக்கா."